இபுப்ரோஃபென் 200 மி.கி.: யார் வாங்கலாம், யார் தொடக்கூடாது

சிங்கப்பூர் மருந்தகங்களில் மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும் வலி மாத்திரை இது. பல்வலி, மாதவிடாய் வலி, கணுக்கால் சுளுக்கு என்று வீக்கத்தோடு வரும் வலிக்கு நன்றாகக் கேட்கும். சாப்பிட்ட பிறகு ஒன்று போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வலி இறங்கத் தொடங்கும். நாலைந்து மணி நேரம் தாங்கும். சீட்டு இல்லாமல் எடுக்கும் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 1200 மி.கி., அதாவது 6 மாத்திரை. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு எடுத்தால் இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முழங்கால் வலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கும்போது சிறுநீரகம் அடிவாங்குகிறது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரப்பதை இந்த மாத்திரை தடுக்கிறது. ஆனால் உடலில் நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்துப் பிடித்திருப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அது குறைந்தால் குழாய் சுருங்கும், வடிகட்டும் அழுத்தம் விழும். கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்க வியர்த்தவர், பேதியில் சோர்ந்தவர், வயதானவர் ஆகியோருக்கு ஒரு சில நாளிலேயேகூட இது நடக்கலாம். சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் உள்திசு தழும்பேறிப் போகும், அது மீளாது.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது லோசார்டன், கூடவே நீர் மாத்திரை எடுப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். முதல் வகை ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, நீர் மாத்திரை உடலின் நீரைக் குறைக்கிறது, இபுப்ரோஃபென் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டல் திடீரென்று படுத்துவிடும்.

ஊரிலிருந்து வரும் பையையும் பார்த்துவிடுங்கள். காம்பிஃபிளாம் ஒன்றில் 400 மி.கி. இபுப்ரோஃபென் இருக்கிறது, அதாவது இங்கே வாங்கும் இரண்டு மாத்திரை. வோவெரான் என்பது டைக்ளோஃபெனாக், ஜீரோடால் என்பது அசெக்ளோஃபெனாக். பெயர் வேறு, குடும்பம் ஒன்றே. எதையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்காக்சியா (எட்டோரிகாக்சிப்) வயிற்றைக் கொஞ்சம் காப்பாற்றும். சிறுநீரகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 'மூலிகை' என்று விற்கும் மூட்டுவலி மருந்துகள் இன்னும் மோசம்: டைக்ளோஃபெனாக்கும் ஸ்டீராய்டும் கலந்த சரக்கைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

மாற்று? 500 மி.கி. பனடோல் (பாராசிட்டமால்), நாளுக்கு 8 மாத்திரைக்கு மேல் போகாமல். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும். முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல தேர்வு, மாத்திரையாக விழுங்குவதில் சிறு பங்கே ரத்தத்தில் கலக்கும். சிறுநீரக நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் ஜெல்லையும் கேட்டுவிட்டே பூசவேண்டும்.

சிறுநீர் வழக்கம்போலப் போகிறது என்பதை நம்பி இருக்கவேண்டாம். பாதி வேலை போகும்வரைகூட வலியோ அறிகுறியோ தெரியாது. கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் பிந்தித்தான் வரும். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்துவிட்டவர்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் வேகம் (eGFR) 60க்குக் கீழே வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள், ஊர் அட்டைகளையும் சேர்த்து.