வெடித்த சிமென்ட் தளம்: பூச்சா, மேல்தளமா, பேவர் கல்லா?

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வீட்டு மனை சாலைமட்டத்துக்குச் சமமாக அமைவது அபூர்வம். கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை போட்ட சிமென்ட் தளத்தின் மேல், தென்மேற்குப் பருவத்தில் ஒரு முறையும் ஐப்பசி, கார்த்திகையில் மறுமுறையும் மேட்டுத் தண்ணீர் பாய்கிறது. தளம் வெடித்து ஒரு பக்கம் தாழ்ந்த பிறகு, குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று கேட்டால், கொத்தனாருக்குக் கொத்தனார் பதில் மாறும். 10 அடி அகலமும் 30 அடி நீளமும் 4 அங்குலக் கனமும் உள்ள ஒரு தளத்தை வைத்து அந்தப் பதில்களை ஒப்பிடுகிறேன். ரூபாய் விலை நிலையாக நிற்பதில்லை என்பதால் சிமென்ட் மூட்டைக் கணக்கிலேயே பேசுவது நல்லது.

முதலில் வெடிப்பின் மீது ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மேலே தேங்கி நின்றால் அடிமண் கெட்டியாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். களகளவென்று உள்ளே இறங்கினால் அடியில் மண் அரித்துப் பொள்ளலாகியிருக்கிறது. கடப்பாரையின் முனையால் தட்டினாலும் அந்த இடம் வெற்றுப் பானைபோல ஒலிக்கும். அருகில் பலாவோ அயினியோ நின்றால் வேர் பருத்துத் தளத்தைத் தூக்கியிருக்கலாம். தென்னையின் மீது பழி போடுவோர் உண்டு. ஆனால் தென்னை வேர் மரவேரைப்போல ஆண்டுதோறும் பருப்பதில்லை.

மிகவும் மலிவானது அரை அங்குலச் சிமென்ட் பூச்சு. ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற கலவையில் முழுத் தளத்துக்கும் ஏறத்தாழ மூன்றரை மூட்டை போதும். தக்கலை அருகே எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்; கார் திரும்பும் இடத்தில் அடுத்த மழைக்கு முன்பே அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. எண்ணெய்க்கறையும் பாசியும் படிந்த பழைய தளத்தில் மெல்லிய பூச்சு பிடிப்பதில்லை. அந்த மூன்றரை மூட்டை வீண் என்பதே என் தீர்ப்பு.

இரண்டு அங்குலக் கான்கிரீட் மேல்தளம் இதைவிட மேல். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் 11 அல்லது 12 மூட்டை பிடிக்கும். அடித்தளம் அசையாமல், மேற்பரப்பு மட்டும் தேய்ந்து ஜல்லி தெரியும் வீடுகளுக்கு இது பொருந்தும். அடித்தளம் அசைகிறது என்றால் பழைய வெடிப்பு அதே கோட்டில் மேலே வந்துவிடும். மேலும், தளம் இரண்டு அங்குலம் உயர்ந்தபின் கேட்டின் அடிப்பாகத்தை வெட்ட வேண்டியிருக்கும். கார் ஷெட்டுக்குள் தண்ணீர் திரும்புமா என்பதையும் முன்கூட்டியே மட்டம் பார்க்க வேண்டும்.

என் தேர்வு, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வார்ப்பது. முழுத் தளத்தையும் உடைத்து வார்த்தால் 22 அல்லது 23 மூட்டை ஆகும். தாழ்ந்துபோன 8 அடி நீளப் பகுதிக்கு மட்டும் என்றால் 6 மூட்டையில் முடியும். கட்டர் வைத்து நேர்கோட்டில் அறுத்து, இளகிய மண்ணை அள்ளி, ஜல்லியும் பாறைப்பொடியும் சேர்த்து நனைத்து இடித்து இறுக்கிய பிறகே கான்கிரீட் போட வேண்டும். இந்த இடிக்கும் வேலையில்தான் ஆட்கள் அவசரப்படுவார்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பது நல்லது. மீதியுள்ள வெடிப்புகளில் மெல்லியவற்றை விட்டுவிடலாம். அகன்றவற்றை உளியால் செதுக்கி, தூசியை ஊதி எடுத்து, லேடெக்ஸ் கலந்த சிமென்ட் சாந்தால் அடைக்கலாம். வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும் வெடிப்பில் சாந்து நிற்காது, அங்கே ரப்பர்போல இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட் தேவை. பார்வைக்கு ஒட்டுப்போட்ட சட்டைபோலத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மணல்மேல் அடுக்கிப் பதிக்கும் கான்கிரீட் கட்டையான பேவர் கல் அழகானது. ஒரு பகுதி தாழ்ந்தால் கல்லைப் பெயர்த்து மணலிட்டு மீண்டும் பதிக்கலாம் என்பது அதன் பெரிய நன்மை. கார் ஏறும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம் வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் அளவுள்ள கல் என்றால் ஏறக்குறைய 1,400 தேவைப்படும். ஆனால் பழைய தளத்தை உடைத்து அகற்றும் கூலி தனி. நம் சரிவுகளில் இரு ஓரங்களிலும் கான்கிரீட் வரம்பு கட்டாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் மணல் கழுவிப்போய்க் கற்கள் நகரும். அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சமதள மனைகளில் இந்தத் தொல்லை குறைவு.

வெறும் ஜல்லி பரப்புவது சமதளத்தில் ஓரிரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கும், சரிவில் வேண்டாம்.

எந்த வழியானாலும், 50 அடிக்கு ஓர் அடி வீதம் சரிவும் மேட்டுத் தண்ணீரைத் திருப்ப ஓர் ஓடையும் இல்லையென்றால் அடிமண் மறுபடியும் அரிக்கும். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொண்டு, புதுக் கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்கு விரித்து ஏழு நாளாவது நனைத்து, அதுவரை காரைச் சாலையோரத்திலேயே நிறுத்த வேண்டும்.