டோவரின் பிராம்ஸ் ஸ்கோர்: செக்ஸ்டெட் வாசிப்பவர்களுக்கு உதவுமா?

இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டு செக்ஸ்டெட்களும் (ஆறு பேர் வாசிக்கும் படைப்புகள்) ஒரே புத்தகத்தில் வேண்டுமென்றால், டோவர் பதிப்பகம் 1968-இல் வெளியிட்ட சேம்பர் இசைத் (சிறு குழு இசை) தொகுப்பு இன்றும் நல்ல தேர்வு. கூடவே நால்வருக்கான குவார்ட்டெட் மூன்றும் ஐவருக்கான குவின்டெட் மூன்றும் கிடைக்கின்றன. ஹான்ஸ் கால் பதிப்பித்த பழைய பிரைட்கோப் பதிப்பகத் தொகுதியின் மறுஅச்சு இது.

ஆனால் இதை ஸ்டாண்டில் வைத்து வாசிக்க முடியாது. இது எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்த முழு ஸ்கோர். ஆறு வரிகள் அடுக்கி அச்சாகியிருப்பதால் ஒரு பக்கத்தில் கொஞ்சம் பார்களே (தாள அளவுப் பகுதிகள்) அடங்கும். பக்கம் திருப்பவே வில்லைக் கீழே வைக்க வேண்டிவரும். வாசிக்க ஆளுக்கொரு பார்ட் (அவரவர் வரி மட்டும் உள்ள தாள்) தனியாக வாங்கியாக வேண்டும்.

அப்படியானால் ஸ்கோர் எதற்கு? முதல் செக்ஸ்டெட்டான ஓபஸ் (படைப்பு எண்) 18-இன் முதல் பக்கத்தைத் திறந்தாலே தெரிந்துவிடும். மெட்டைத் தொடங்குவது முதல் செல்லோ. முதல் வயலினுக்கு அது வருவது 11-ஆவது பாரில்தான். அதற்கு முன்னுள்ள பத்து பார்கள், வயலின் கலைஞர் யோவாகிம் சொன்ன யோசனைப்படி பிராம்ஸ் சேர்த்தவை. வயலின் பார்ட்டில் அந்த இடம் வெறும் மௌனக் குறி. ஸ்கோரைப் பார்த்தவர்தான் செல்லோ விட்ட அதே குரலில் மெட்டை வாங்கிக்கொள்வார். ஆண்டாந்தே என்ற மெதுவான பகுதியிலும் இதே கதை: கருப்பொருளை முதலில் எடுப்பது முதல் வியோலா. மற்றவர்களின் கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) கனத்துவிட்டால் அது மூழ்கிவிடும்.

பார்ட் வாங்கும்போது 'செக்ஸ்டெட்' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அது ஆறு பேர் என்பதைத்தான் சொல்கிறது. பிராம்ஸ், துவோர்ஷாக் ஓபஸ் 48, சைக்கோவ்ஸ்கி ஓபஸ் 70 மூன்றுக்கும் வயலின், வியோலா, செல்லோ இரண்டிரண்டு. பீத்தோவன் ஓபஸ் 71-இல் தந்தியே கிடையாது: கிளாரினெட், ஹார்ன், பஸ்ஸூன் இரண்டிரண்டு. அவருடைய ஓபஸ் 81பி-யோ குவார்ட்டெட்டுடன் இரண்டு ஹார்ன். பூலாங்கின் செக்ஸ்டெட் பியானோவும் ஐந்து காற்று வாத்தியங்களும். ஷோன்பெர்கின் 1899 செக்ஸ்டெட்டுக்கு அவரே பின்னால் தந்தி ஆர்கெஸ்ட்ரா வடிவமும் எழுதியதால், வாங்கும் பார்ட் கட்டுக்குள் டபுள் பேஸ் பார்ட் இருந்தால் அது வேறு சரக்கு.

ஆறு பார்ட்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். இலவச ஸ்கேனையும் புது அச்சையும் கலந்தால் ஒருவரிடம் பார் எண், இன்னொருவரிடம் வெறும் எழுத்துக்குறி என்று ஒத்திகை திண்டாடும். ஸ்கேன்தான் கைவசம் என்றால், ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளலாம். மறுமுறை வாசிக்கும் பகுதியின் முதல் முடிவை (முதல் தடவை மட்டும் வாசிக்கும் பார்களை) எண்ணிக்கையில் சேர்ப்பதா விடுவதா என்று ஆறு பேரும் முன்பே பேசி வைக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து எண்கள் ஒத்துப்போகாது.