ஜார்ஜ் பெர்னாண்டஸா, தத்தா சாமந்தா, யாரு நல்ல தலைவர்?

ரெண்டு பேருமே பம்பாய்ல பேர் எடுத்த தொழிற்சங்கத் தலைவர்கள்தான், ஆனா ஸ்டைல் வேற வேற. 1974 ரயில்வே ஸ்ட்ரைக்க எடுத்துக்குங்க, மே 8 ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பெர்னாண்டஸ தூக்கி உள்ள போட்டாங்க, அப்பவும் லட்சக்கணக்கான பேர் வேலைக்குப் போகல, கேட்டது போனசும் எட்டு மணி நேர வேலையும். 20 நாள்ல வாபஸ். தோல்விதான், ஆனா அந்த மனுஷன் 1977ல ஜெயில்ல இருந்தே எம்.பி ஆகி மந்திரியும் ஆயிட்டாரு.

சாமந்த் கதை வேற. அவர் டாக்டருங்க, கல் குவாரி தொழிலாளிங்களுக்கு வைத்தியம் பாக்கப் போய் சங்கத்துக்குள்ள வந்தவரு. 1982 ஜனவரி 18ல ஆரம்பிச்ச பம்பாய் துணி மில் ஸ்ட்ரைக்ல சுமார் ரெண்டரை லட்சம் பேரு, சட்டப்படி அங்கீகாரம் இருந்த சங்கம் வேற ஒண்ணு, அதனால அரசாங்கம் இவர்கூட பேசவே மாட்டேன்னுது, இவரும் விடல, வருஷம் தாண்டியும் முறையா வாபஸே வாங்கல. கிரண்காவ்ங்கிற மில் ஏரியாவுல, சால்னு சொல்ற ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வாடகை குடுக்க முடியாம, பாத்திரத்தை வித்துட்டு கொங்கணுக்கு ஊர் திரும்பின குடும்பங்க எத்தனையோ.

தைரியம்னா சாமந்த்தான், சந்தேகமே இல்ல. ஆனா நான் மில் தொழிலாளியா இருந்திருந்தா, எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்ச தலைவரத்தான் கேட்டிருப்பேன்.