அத்தையின் பாதத்து மச்சமும் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியும்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மச்சம் பார்ப்பதற்கென்றே தனி கிளினிக்குகள் உண்டு. வெயிலும் வெள்ளைத் தோலும் சேர்ந்த ஊர், தோல் புற்று அங்கே சாதாரணப் பேச்சு. நமக்கெல்லாம் அது வராது என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறோம். குறைவுதான், ஆனால் வராமல் இல்லை. கறுத்த தோலில் மெலனோமா என்ற தோல் புற்று பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1977-இல் கண்டுபிடித்தார்கள், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார்.

இந்த முறை பாளையங்கோட்டை போனபோது அத்தையின் உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம் கண்ணில் பட்டது. "சின்னப்புள்ளைல இருந்து இருக்கிற மச்சம்லே, இதுக்குப் போயி டாக்டரா?" என்றார். ஆனால் சமீபமாக அது அகலமாகி வருகிறது என்றாள் அத்தை மகள். ஒரு ஓரம் கன்னங்கறுப்பு, மறுபக்கம் காப்பி நிறம். பாதிக்குப் பாதி ஒத்துப்போகாத வடிவம், கோணல்மாணலான விளிம்பு, ஒரே மச்சத்தில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக அண்மையில் ஏற்பட்ட மாற்றம். இவற்றில் ஏதாவது இருந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரிப்பு, ரத்தக் கசிவு, ஆறாத புண் என்றால் உடனே.

முதலில் போனது டவுனில் ஓர் அழகு சிகிச்சை நிலையத்துக்கு, அத்தை மகள் பதிவு செய்திருந்தாள். டாக்டர் பார்க்கவே இல்லை. ஒரே சிட்டிங்கில் லேசரில் எடுத்துவிடலாம் என்றார் முன்னால் இருந்த பெண். எடுத்ததை லேபுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். "லேசர்ல எதுவும் மிஞ்சாது சார்" என்றார். எனக்குப் பகீரென்றது. மாறிவரும் மச்சத்தைப் பொசுக்கிவிட்டால் அது என்னவென்று பார்க்கச் சதை இருக்காது. உள்ளே புற்று இருந்தால் மேலே தழும்பு மூடிக்கொள்ள, அது பாட்டுக்கு வளரும். சுண்ணாம்பும் சோடாவும் வைத்து வீட்டில் கரைப்பதும் இதே ஆபத்துதான். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அத்தையை அழைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியான ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு, தோல் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா டெர்மாஸ்கோப் என்ற விளக்கு வைத்த லென்ஸால் நிதானமாகப் பார்த்தார். பாதத்து ரேகைகளின் பள்ளத்தில் நிறம் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை, மேட்டில் ஓடினால் சந்தேகப்பட வேண்டும் என்று விளக்கினார். அத்தைக்கு ஒரு ஓரம் தெளிவாக இல்லை, அளவும் கூடியிருக்கிறது, அதனால் முழுசாக எடுத்துப் பயாப்ஸிக்கு, அதாவது லேபில் சதைப் பரிசோதனைக்கு, அனுப்பிவிடலாம் என்றார். அப்புறம் இன்னொரு பாதம், கை, இருபது நகம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு வந்து அகலமானால் அதையும் காட்டச் சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் அத்தைக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்ன அந்தப் பொறுமைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் புற்று இல்லை, சாதாரண மச்சம்தான்.

லீவில் ஊருக்குப் போகிறவர்கள் இந்த மாதிரி வேலையை முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பயாப்ஸி முடிவு வர நாளாகும், பாதத்தில் போட்ட தையலைப் பிரிக்க இரண்டு வாரமாவது ஆகும், அதுவரை அந்தக் காலை அழுத்தி ஊன்ற முடியாது. ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.