பழைய செராமிக் பிரேக் டிஸ்க் வாங்கப் போகிறவர்களுக்கு: தடிமனை நம்பாதீர்கள், எடை போடுங்கள்

வயிறு எரிகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பழைய உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில், ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்று என் காருக்கு நாலு கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் வாங்கி ஏமாந்தேன். போனது ஐந்து செட் இரும்பு டிஸ்க் வாங்கும் காசு. முதல் டிராக் நாளே முன் டிஸ்க் இரண்டும் குப்பைக்குப் போய்விட்டன.

நம்பியது ஒரே ஒரு படத்தை. டிஸ்க்கை மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்த படம். அளவு தெளிவாகத் தெரிந்தது, புது டிஸ்க்கின் தடிமன் அப்படியே இருந்தது. "தேயவே இல்லை ப்ரோ, நீங்களே பாருங்க" என்றார் விற்றவர். இரும்பு டிஸ்க்காக இருந்தால் அந்தப் படம் போதும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்த்து முடிவு செய்துவிடலாம். செராமிக்கில் அந்த அளவை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. விற்றவருக்கு அது தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த டிஸ்க் கார்பன் இழையும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பொருள். சாதாரண சாலையில் சூடு குறைவு, அதனால் பல வருஷம் தேயாமல் இருக்கும். டிராக்கில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் அழுத்தி மிதிக்கிறோம். சுமார் 400, 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உள்ளே இருக்கும் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்து வாயுவாகப் போகத் தொடங்கும். கடினமான சிலிக்கன் கார்பைடு அப்படியே நிற்கும். அதனால் தடிமன் குறையாது, உள்ளுக்குள் பொத்தலாகிக்கொண்டே வரும். மேற்பரப்பில் இழை இருந்த இடமெல்லாம் குழி விழும், முகம் சொரசொரப்பாகும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அரம் வைத்துத் தேய்த்த மாதிரி கரையும், டிஸ்க்கின் பலமும் போகும். இதற்காகத்தான் செராமிக் டிஸ்க்கின் நடுவிலுள்ள, தொப்பி மாதிரி இருக்கும் பெல்லில் குறைந்தபட்ச எடையை கிராமில் பொறிக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் கீழே போன டிஸ்க், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், கழிக்க வேண்டியதுதான். கழற்றியபின் தராசில் வைத்தபோது என்னுடைய முன் டிஸ்க் இரண்டுமே அந்த எண்ணுக்குக் கீழே.

விற்றவரிடம் கேட்டால், "டிராக்கில் ஓட்டினீங்க இல்ல, அங்கதான் எரிஞ்சிருக்கும்" என்கிறார். ஒரே நாளில் அவ்வளவு எடை எரிந்து போகாது. அவர் விளம்பரத்தில் போட்ட படத்தையே பெரிதாக்கிப் பார்த்தால் அப்போதே குழிகள் தெரிகின்றன. அதைக் குறிவைத்து அனுப்பினேன், அதற்குப் பிறகு பதில் இல்லை. தளத்துக்கு எழுதினேன். "பொருள் விளம்பரத்தில் உள்ளபடியே வந்து சேர்ந்துள்ளது" என்று ஒரு வரி. எடைச் சீட்டோடு மறுபடி எழுதினேன். "வண்டியில் பொருத்திய பொருளுக்குப் பணம் திருப்பித் தர இயலாது" என்று புகாரையே மூடிவிட்டார்கள். பொருத்தாமல் பிரேக்கை எப்படிச் சோதிப்பது? ஐந்து செட் இரும்பு டிஸ்க் காசுக்கு எனக்குக் கிடைத்தது இரண்டு வரி.

இரும்பா செராமிக்கா என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. என் முடிவு மட்டும் இது: அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர்களுக்கு அலுமினிய பெல் வைத்த இரண்டு துண்டு இரும்பு டிஸ்க்தான் சரி. செராமிக் கிட்டத்தட்ட பாதி எடைதான், ஸ்டீயரிங்கில் அந்த வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அதே அளவு டிஸ்க்கில் இரும்பு உள்வாங்கும் அளவு வெப்பத்தைச் செராமிக் உள்வாங்காது. அதனால்தான் அதைப் பெரிதாகச் செய்கிறார்கள், அப்படியும் அதிகச் சூட்டில்தான் ஓடும். இரும்பு தன் நோயை முகத்திலேயே காட்டிவிடும். மயிரிழை விரிசல் வரும். நகம் அதில் மாட்டினாலோ, விரிசல் விளிம்பைத் தொட்டாலோ மாற்றிவிடலாம், காசும் கையைக் கடிக்காது. துளை போட்ட டிஸ்க் வேண்டாம், விரிசல் துளையிலிருந்துதான் கிளம்பும். முகத்தில் நீளமான பள்ளங்கள் வெட்டிய (slotted) டிஸ்க்கை வாங்குங்கள்.

பழைய செராமிக்தான் வேண்டுமென்றால், பெல்லில் பொறித்த எண்ணும் தராசும் ஒரே படத்தில் தெரியும்படி கேளுங்கள், நாலு டிஸ்க்குக்கும் தனித்தனியாக. துடைத்துக் காயவைத்து எடை போடச் சொல்லுங்கள். புதியதற்கும் கழிக்க வேண்டியதற்கும் வித்தியாசம் மொத்த எடையில் சிறு பங்குதான், ஆள் எடை பார்க்கும் தராசு உதவாது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுத்த வீடியோவும் கேளுங்கள், குழி நிழல் காட்டும். இரும்புக்கான பேடை இதில் போடவே போடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றும்போது வழிகாட்டிக் கம்பி (சக்கரம் நழுவாமல் நேராக வெளியே வர போல்ட் துளையில் திருகும் கம்பி) இல்லாமல் கழற்ற விடாதீர்கள், ரிம் ஒரு தட்டுத் தட்டினால் டிஸ்க்கின் விளிம்பு பெயர்ந்துவிடும். எடைப் படம் தர மறுத்தால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நான் அதைக் கேட்கவே இல்லை, ஐந்து செட் இரும்பு டிஸ்க் காசு போயிற்று.