90 நாள் ‘தைராய்டு ஸ்பெஷல்’ வெயிட்லாஸ் பேக்கேஜ்: 7,500 ரூபாய் கட்டி பார்த்தவளோட ரிவ்யூ

ஸ்டார் எத்தனைன்னு முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் கம்பெனிக்கு இல்ல, வாராவாரம் போன்ல பேசின டயட்டீஷியன் பொண்ணுக்கு. பேக்கேஜ் பேரை இங்க போடல, ஏன்னா இதே மாதிரி பத்து பேக்கேஜ் ரீல்ஸ்ல ஓடிட்டு இருக்கு, பேர் மட்டும்தான் வேற, விளம்பரத்துல பேன்ட்டை இழுத்து காட்டுற அக்கா கூட எல்லாத்துலயும் ஒரே அக்கா மாதிரிதான் தெரியுது.

நான் திருச்சில தையல் கடை வெச்சிருக்கேன். வயசு 41, உயரம் அஞ்சடி ரெண்டு. காலைல பத்து மணிக்கு மெஷின்ல உக்காந்தா ராத்திரி எட்டு மணிக்குதான் எந்திரிப்பேன், நடுவுல கட்டிங் டேபிளுக்கு போறதுதான் நடை. 67 கிலோ இருந்தவ ஒன்றரை வருஷத்துல 76ஐ தாண்டிட்டேன். அதை எனக்கு சொன்னது எடை மெஷின் இல்ல, என் ஜாக்கெட். சைடுல உள்ளுக்கு துணி விட்டு மூணு தையல் போட்டு வைப்போம்ல, உடம்பு போட்டா ஒவ்வொண்ணா பிரிச்சுக்கலாம்னு, அந்த மூணையும் பிரிச்சும் கை ஏறல. கூடவே முடி கொட்டுறது, மலச்சிக்கல், மதியம் மூணு மணிக்கு மெஷின் மேலயே தூங்கி விழறது, ஏப்ரல் வெயில்ல கூட ஃபேன் வேணாம்னு சொல்றது. டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் 18.6. நாலு, நாலரைக்குள்ள இருக்கணும். தைராய்டு சுரப்பி வேலை செய்யலன்னா மூளை அடில இருக்கற பிட்யூட்டரி "இன்னும் சுரக்க வை, இன்னும் சுரக்க வை"ன்னு கத்தும், அந்த கத்தல்தான் டிஎஸ்ஹெச், அதனாலதான் வேலை கம்மியானா நம்பர் ஏறுது. இது புரியறதுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, நம்பர் கூடுதுன்னா தைராய்டு கூடிருச்சுன்னு நெனச்சு ஊரெல்லாம் சொல்லிட்டு திரிஞ்சேன்.

டாக்டர் தைராய்டு மாத்திரையை 50 எம்சிஜில (மைக்ரோகிராம்) ஆரம்பிச்சு அப்புறம் 75 ஆக்கினார். நான் அவர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, சார் மாத்திரை போட்டா இந்த ஒன்பது கிலோவும் போயிடுமா. அவர் சிரிச்சுக்கிட்டே "இதுல தைராய்டு கணக்கு ரெண்டு கிலோல இருந்து நாலு, நாலரை கிலோ வரைக்கும்தாம்மா, அதுலயும் முக்காவாசி தண்ணியும் உப்பும், மிச்சம் உங்க கணக்கு"ன்னார். எனக்கு வந்துச்சே கோவம். சாப்பிடறதே ரெண்டு இட்லி, இதுல என் கணக்கு எங்கருந்து வந்துச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன், அந்த நிமிஷம் பார்த்து "தைராய்டா? உங்க தப்பில்லை! 90 நாள்ல 12 கிலோ"ன்னு விளம்பரம். "உங்க தப்பில்லை"ன்ற அந்த ஒரு வார்த்தைக்குதான் 7,500 கட்டினேன், சத்தியமா.

பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சேன், எடை 76.4. கட்டினதும் வந்தது ஒரு பிடிஎஃப், 42 பக்கம். அதுல கீன்வா, அவகாடோ, கேல், பாதாம் பால். காந்தி மார்க்கெட்ல போய் கேல் கேட்டா கடைக்காரர் எந்த ஊரு கீரைம்மான்னு கேப்பார். அதைவிட பெரிய காமெடி தடை லிஸ்ட்: முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, கடலை, கம்பு, கோதுமை, பால், தயிர். தயிர் இல்லாம எப்படிங்க சாப்பாட்டை முடிக்கறது? அப்புறம் டாக்டர்கிட்ட கேட்டப்போ, அயோடின் உப்பு போட்டு சமைக்கற வீட்டுல வேக வெச்ச முட்டைக்கோஸ் பொரியல் வாரம் ரெண்டு தடவை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, பச்சையா ஜூஸ் அடிச்சு தினமும் குடிக்காதீங்க, கோதுமையும் பாலும் ஒத்துக்கலன்னா மட்டும் விடுங்கன்னார். எட்டு அயிட்டத்தை தடை பண்ணா சாப்பாடு தானா குறையும்ல, அதான் அந்த லிஸ்ட்டோட சூட்சுமம்.

முதல் ரெண்டு வாரம் மூணு கிலோ குறைஞ்சுது. துள்ளி குதிச்சேன். ஒரு நாளைக்கு 900 கலோரின்னு பின்னாடி கணக்கு போட்டப்போதான் தெரிஞ்சுது, அதுல யாருக்குத்தான் குறையாது. அஞ்சாவது வாரம் ஒரு கல்யாண ஆர்டர், பதினாலு ஜாக்கெட், ஊசில நூல் கோக்கறப்போ கண்ணு இருட்டிடுச்சு, பக்கத்து கடை அக்கா சர்க்கரை தண்ணி கலக்கி குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி பசில சோறு சாப்பிட்டேன் பாருங்க, எனக்கே பயமா இருந்துச்சு. எடை திரும்ப 75. பேக்கேஜ் எடுத்தவங்களுக்குன்னு இருக்கற குரூப்ல சொன்னா "மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிருச்சு மேம், எங்க பவுடர் எடுத்தாதான் ஆக்டிவேட் ஆகும், 2,800 ரூபாய்". டப்பா போட்டோ அனுப்ப சொல்லி படிச்சேன், அஸ்வகந்தா, கடல்பாசி. டாக்டருக்கு காட்டினேன், ரெண்டுமே வேணாம்னுட்டார், கடல்பாசில அயோடின் எவ்ளோ இருக்கும்னு சொல்ல முடியாது, அதிகமானா சுரப்பி இன்னும் முரண்டு பிடிக்கும், அஸ்வகந்தா சில பேருக்கு தைராய்டு ஹார்மோனை ஏத்தி விடும், நீங்க மாத்திரை வேற போடறீங்கன்னார். பவுடர் தப்பிச்சேன். ஆனா அவங்க முடி கொட்டறதுக்கு சொன்ன பயோட்டின் 10 மில்லிகிராம் மாத்திரையை மட்டும் வாங்கி போட்டுட்டேன், வைட்டமின்தானே என்ன ஆகப்போகுதுன்னு.

ஆச்சு. மார்ச்ல டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் 0.3. அதாவது மாத்திரை ஓவர்டோஸ்னு அர்த்தம் வர்ற நம்பர். டாக்டர் டோஸை குறைக்க பேனாவை எடுத்துட்டார், எழுதப்போன இடத்துல நிறுத்தி என் காலை அமுக்கி பார்த்தார், வீக்கம் அப்படியே இருக்கு, மலச்சிக்கல் இருக்கான்னார், இருக்கு சார்ன்னேன். நெஞ்சு படபடப்பு? இல்ல. "முடிக்கு ஏதாச்சும் போடறீங்களா?" அவ்ளோதான், மாட்டிக்கிட்டேன். பயோட்டின் உடம்புக்கு கெடுதல் பண்ணல, ஆனா சில லேப் மெஷின்ல டெஸ்ட் பண்ற முறையையே அது ஏமாத்திடுமாம், டிஎஸ்ஹெச் கம்மியாவும், டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) அதிகமாவும் காட்டுமாம். ரெண்டு நாள் நிறுத்தினாலே பெரும்பாலும் போதும், எனக்கு ஒரு வாரம் நிறுத்திட்டு எடுக்க சொன்னார். எடுத்தா 7.8. அன்னைக்கு அவர் பேனாவை ஓட்டியிருந்தா குறைவா இருக்கற மாத்திரையை இன்னும் குறைச்சிருப்பேன். முடிக்கு மாத்திரை போடற தங்கச்சிங்க ப்ளீஸ் லேப்ல ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடி இதை வாய் விட்டு சொல்லுங்க.

சரி 75 போட்டும் ஏன் 7.8? அங்கதான் என் காபி வந்துச்சு. நான் அஞ்சரைக்கு மாத்திரை போடுவேன், டிகாஷன் இறங்கி ரெடியா இருக்கும், அஞ்சே முக்காலுக்கு ஃபில்டர் காபி. வெறும் வயித்துலதானே போட்டேன்னு எனக்கு நிம்மதி. காபி குடிச்சா மாத்திரை ஒழுங்கா உறிஞ்சாதாம், அரை மணில இருந்து ஒரு மணி நேரம் தண்ணி தவிர ஒண்ணும் கூடாது. அதுக்கு மேல பேக்கேஜ்ல "டிஃபனோட கால்சியம், அயர்ன்"னு வேற எழுதி குடுத்திருந்தாங்க, எட்டு மணிக்கு ரெண்டையும் முழுங்கிட்டு இருந்தேன், அது ரெண்டும் இந்த மாத்திரைல இருந்து நாலு மணி நேரம் தள்ளி இருக்கணும். தைராய்டு ஸ்பெஷல்னு பேர் வெச்சவங்க பிடிஎஃப்ல 42 பக்கத்துல இது ஒரு வரி இல்லங்க, கேல் மட்டும் மூணு எடத்துல இருக்கு.

காபியை ஆறரைக்கு தள்ளினேன். அந்த ஒரு மணி நேரம் சும்மா இருந்தா கை காபிக்கு போகும்னு உய்யக்கொண்டான் வாய்க்கால் கரைல நடக்க ஆரம்பிச்சேன். அயர்ன் மதியம், கால்சியம் ராத்திரி. டோஸ் மாத்தல, மாத்திரை பிராண்டும் மாத்தல (பாட்டில்ல எந்த பேர் இருந்தாலும் உள்ள லீவோதைராக்சின்தான், ஆனா மாசத்துக்கு ஒரு பிராண்ட்னு தாவாதீங்கன்னு மெடிக்கல் ஷாப் அண்ணனே சொன்னார்). இதுல ஆறு வாரம் கழிச்சுதான் டெஸ்ட், முன்னாடி எடுத்தா நம்பர் செட்டில் ஆகியிருக்காது. மே முதல் வாரம் எடுத்தேன், 3.1. அதுக்குள்ளயே கால் வீக்கம் வத்தி பழைய செருப்பு திரும்ப போட முடிஞ்சுது, சாப்பாட்டுல பெருசா ஒண்ணும் மாத்தாமலே ரெண்டு கிலோ போச்சு. அந்த டாக்டர் சொன்ன தைராய்டு கணக்கு இதுதான் போல. செலவு பூஜ்யம்.

இப்ப அந்த ரெண்டு ஸ்டாருக்கு வரேன். டயட்டீஷியன் பொண்ணு, குரல்லயே தெரிஞ்சுது இப்பதான் காலேஜ் முடிச்சிருக்கும்னு, அது ஒரு வாரம் பிடிஎஃப்பை விட்டுட்டு "அக்கா வீட்டுக்கு மாசம் எண்ணெய் எவ்ளோ வாங்குவீங்க"ன்னு கேட்டுச்சு. மூணு பேருக்கு நாலு லிட்டர். ஒரு லிட்டர்ல எட்டாயிரம் கலோரிக்கு மேல, நீங்களே வகுத்துக்கோங்கன்னுச்சு. கால்குலேட்டர்ல போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 360 வருது, எண்ணெய்ல மட்டும். ரெண்டு இட்லின்னு சொல்லிட்டு இருந்தேனே, அந்த இட்லி மேல ஊத்தின நல்லெண்ணெய் பொடி கணக்குல வரவே இல்ல. அப்புறம் நாலு மணிக்கு கடைக்கு டீ வரும், கூட பருப்பு வடை, கஸ்டமர் யாராச்சும் இருந்தா அவங்களுக்கு வாங்கறப்போ எனக்கும் இன்னொண்ணு. ஆத்தாடி, என் கணக்குன்னு டாக்டர் சொன்னது இதைத்தான்.

அந்த பொண்ணு சொல்லித்தான் 450 ரூபாய்க்கு ஒரு கிச்சன் தராசு வாங்கினேன், அதுக்கு வேணா அஞ்சு ஸ்டார் குடுப்பேன். மதியம் நான் "கொஞ்சமா" போட்டுக்கற சோறு 380 கிராம், கிட்டத்தட்ட 500 கலோரி. இப்ப 200 கிராம், பக்கத்துல ரெண்டு முட்டை இல்லன்னா சுண்டல், காய் ரெண்டு மடங்கு, தயிர் கண்டிப்பா. எண்ணெய் மாசம் ரெண்டு லிட்டர்ல நிக்குது, வீட்டுக்காரர் தாளிப்பு வாசமே வரலன்னு ஒரு மாசம் முறைச்சார், இப்ப பழகிட்டார். சேர்ல உக்காந்து எந்திரிக்கறது பதினஞ்சு தடவை, மூணு செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள், தண்ணி பாட்டிலை தூக்கறது, இதெல்லாமும் அது சொன்னதுதான். அப்புறம் அந்த பொண்ணு வேலைய விட்டு போயிடுச்சு, புதுசா வந்தவங்க பிடிஎஃப்பை வாசிச்சாங்க.

கழிச்ச மூணு ஸ்டார்ல ஒண்ணு பவுடருக்கும் பயோட்டினுக்கும், ஒண்ணு பிடிஎஃப்புக்கு. கடைசி ஒண்ணு குரூப்ல நடந்ததுக்கு, அதை மன்னிக்கவே முடியாது. ஒரு அம்மா "எடை குறைஞ்சுட்டு வருது, மாத்திரைய நிறுத்திடலாமா"ன்னு கேட்டதுக்கு கோச் "கொஞ்சம் கொஞ்சமா குறைங்க மேம், பாடி ஹீல் ஆயிரும்"னு போட்டாங்க. நான் டாக்டரை கேட்டுக்கோங்கம்மான்னு எழுதினேன், என் மெசேஜை டெலிட் பண்ணிட்டாங்க. இன்னொருத்தங்க வேகமா குறையட்டும்னு தானா டோஸை ஏத்திக்கிட்டேன்னு சொன்னாங்க, அதுக்கு யாரும் வாயே திறக்கல. அந்த மாத்திரை எடை குறைக்கற மாத்திரை இல்லங்க, தேவைக்கு மேல போட்டா நெஞ்சு படபடக்கும், நாளாக நாளாக எலும்பு தேயும்.

ரீஃபண்ட் கேட்டேன். 12 கிலோ சொன்னீங்க, 90 நாள் முடியறப்போ 72.9, மூணரை கிலோதான் குறைஞ்சிருக்குன்னு. நிபந்தனை ஒன்பதை பாருங்க மேம்னாங்க: உடல்நலப் பிரச்சனை உள்ளவர்களுக்கு பலன் மாறுபடும். தைராய்டு உள்ளவங்களுக்குன்னே பேர் வெச்ச பேக்கேஜ்ல!

இப்ப புரட்டாசி, எடை 69.8. மாசத்துக்கு அரை கிலோ, சில மாசம் அதுவும் இல்ல, எனக்கு அது போதும். நான் எடை மெஷினை விட டேப்பைத்தான் நம்பறேன், இடுப்பு 38ல இருந்து 35. போன வாரம் பழைய ஜாக்கெட்டை எடுத்து பிரிச்ச ரெண்டு தையலை திரும்ப பிடிச்சேன், மூணாவது இன்னும் பிரிஞ்சேதான் கெடக்கு.

நேத்து கம்பெனில இருந்து மெசேஜ். எப்படியோ நான் குறைஞ்சது தெரிஞ்சிருக்கு, "பிஃபோர் ஆஃப்டர் போட்டோ குடுத்தா அடுத்த பேக்கேஜ்ல 500 ரூபாய் டிஸ்கவுண்ட் மேம்". தரேன், ஆனா போட்டோக்கு கீழ 'காபிக்கு முன், காபிக்கு பின்'னு எழுதி போடுவீங்களான்னு கேட்டேன். ப்ளூ டிக் விழுந்துச்சு, அதோட சரி.