புது டிவிக்கு சவுண்ட்பாரா, பழைய ஆம்ப்ளிஃபயரே போதுமா?

இப்போது வரும் ஸ்மார்ட் டிவிகளின் பின்னால் சிவப்பு வெள்ளை ஆடியோ அவுட்டைத் தேடிப் பயனில்லை. ஹெச்டிஎம்ஐ இருக்கும், சத்தத்தை வெளிச்சமாக அனுப்பும் ஆப்டிக்கல் இருக்கும், சிலவற்றில் ஹெட்போன் துளை இருக்கும். நம் வீட்டு அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயருக்கோ சிவப்பு வெள்ளை ஆர்சிஏ பின்னைத் தவிர வேறொன்றும் தெரியாது. பொங்கலுக்கு டிவி மாற்றியபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கடையில் உடனே சவுண்ட்பார், அதாவது டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் பெட்டி, அந்த வரிசைப் பக்கம் கையைக் காட்டினார்கள். நான் வாங்கவில்லை, ஒரு ஆப்டிக்கல் கன்வெர்ட்டரைப் போட்டு பழைய செட்டையே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சவுண்ட்பாரின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரே வயர், சுவரெல்லாம் ஸ்பீக்கர் வயர் ஓடாது, டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூடும் குறையும். அந்த ஒரே வயர் வேலை செய்ய டிவியில் ஏஆர்சி வேண்டும், அதாவது டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ வயரிலேயே வெளியே அனுப்பும் வசதி. 2009இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4இல் சேர்ந்த வசதி அது. டிவியில் மூன்று ஹெச்டிஎம்ஐ இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றில்தான் ஏஆர்சி என்று எழுதியிருக்கும், அதில் மட்டும்தான் சத்தம் வெளியே வரும். டால்பி அட்மாஸ், அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வருவதுபோன்ற ஒலி, கேட்க ஆசை என்றால் அது உள்ள சவுண்ட்பார் பக்கமே போங்கள், ஆப்டிக்கல் வழியாக அட்மாஸ் வராது. அதில் அதிகபட்சம் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1தான், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்.

இனி என் பக்கம். டிவியில் ஹெட்போன் துளை இருந்தால் ஒரு பக்கம் ஹெட்போன் பின், மறு பக்கம் ஆர்சிஏ உள்ள வயர் ஒன்றே போதும், கன்வெர்ட்டர்கூட வேண்டாம். இல்லையென்றால் ஆப்டிக்கலை அனலாகாக மாற்றும் குட்டிப் பெட்டி, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆப்டிக்கல் வயரின் முனையில் பொடிசாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டுத்தான் செருக வேண்டும். மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவியின் ஆப்டிக்கல் அவுட் வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளிச்சம் இருந்தும் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, அல்லது கரகரவென்று இரைச்சல் மட்டும் வருகிறதென்றால் பெரும்பாலும் பெட்டி கெட்டுப்போயிருக்காது, டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஆடியோ அவுட் 'ஆட்டோ'வில் நிற்கிறது. அதை பிசிஎம்முக்கு, அதாவது டால்பியாகச் சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தத்துக்கு, மாற்றுங்கள், விலை குறைந்த பெட்டிகளுக்கு டால்பியைப் பிரிக்கத் தெரியாது. பிசிஎம்மில் கிடைப்பது ஸ்டீரியோதான். ஆறு ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பாட வேண்டும், ஆம்ப்ளிஃபயரிலும் ஆறு இன்புட் இருக்கிறது என்றால் 5.1 டிகோடர் வாங்க வேண்டும், அது சில ஆயிரங்களுக்குப் போய்விடும். வீட்டில் ஓடுவது பாதி நேரம் சீரியலும் பழைய பாட்டும் என்பதால் நான் ஸ்டீரியோவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு தொல்லை இருக்கிறது. ஆப்டிக்கலில் போனால் பல டிவிகளில் அதன் ரிமோட் சத்தத்தைக் கூட்டாது, ஆம்ப்ளிஃபயரின் ரிமோட்டைத் தனியாகத் தேட வேண்டும். அம்மாவுக்கு இன்னும் இது எரிச்சல்தான்.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு பழையதை ஏன் கட்டி அழ வேண்டும்? ரிப்பேர். எனக்கு இது ஒன்றே போதும். எங்கள் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மேஜை அளவுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தைப் பெருக்குகிற 4440 ஐசி போனால் ஐசியை மாற்றுவார், வால்யூம் திருகும்போது கரகரத்தால் கன்ட்ரோலை மாற்றுவார், ஊ என்று ஹம் வந்தால் முதலில் ஃபில்டர் கண்டென்சரைத்தான் பார்ப்பார். எல்லாம் கையால் சாலிடர் வைக்கிற அளவுப் பொருள்கள், உதிரி பாகம் உள்ளூரிலேயே கிடைக்கும், காலையில் கொடுத்தால் சாயங்காலம் பாட்டு. பக்கத்து வீட்டு சவுண்ட்பார் ஒன்றை அவரிடம் எடுத்துப் போனபோது திறந்து பார்த்துவிட்டு, "ஒரே போர்டுங்க தம்பி, ப்ளூடூத், ஹெச்டிஎம்ஐ, ஆம்ப் எல்லாம் இதுலயே ஒட்டியிருக்கு, போர்டு கிடைச்சா மாத்தலாம், கிடைக்கணுமே" என்றார். கிடைக்கவில்லை. அதைவிடக் கொடுமை அதனோடு வந்த வயர்லெஸ் சப்வூஃபர். அதில் கரன்ட் வயரைத் தவிர வேறு இன்புட்டே கிடையாது, தன் ஜோடி பார் செத்துவிட்டால் வேறெந்த செட்டோடும் சேராது. நல்ல ஸ்பீக்கர், நல்ல மரப்பெட்டி, இப்போது மேலே பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சித்திரை, வைகாசியில் மலையில் இடி இறங்கும்போது டிவிகளில் அடிபடுகிற இடங்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட்டும் ஒன்று. செட்டாப் பாக்ஸ் வழியாக வரும் மின் அதிர்ச்சி அந்த வயரிலேயே டிவிக்கும் சவுண்ட்பாருக்கும் தாவிவிடும். ஆப்டிக்கல் வயரில் போவது வெறும் வெளிச்சம், அதில் கரன்ட் தாண்டாது. ஆனால் கன்வெர்ட்டருக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்தே கரன்ட் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், ஏனென்றால் அந்த வயர் வழியாக டிவியும் ஆம்ப்ளிஃபயரும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஹம் வருவதும் பல வீடுகளில் இதனால்தான். பழைய போன் சார்ஜர் ஒன்றைத் தனியாகப் போடுங்கள். அப்புறம், இடி இடிக்கும்போது எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவதுதான் உத்தமம், கன்வெர்ட்டரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூன்றாவது வழி ஏவி ரிசீவர், அதாவது ஹெச்டிஎம்ஐயும் டால்பி டிகோடரும் உள்ளேயே இருக்கிற பெரிய ஆம்ப்ளிஃபயர். நண்பர் வீட்டில் கேட்டதோடு சரி, அதனால் நீட்டவில்லை. சத்தம் பிரமாதம், விலையும் அப்படித்தான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய டிவிடி ஹோம் தியேட்டரோடு வந்த ஸ்பீக்கர்கள் பலவும் 3, 4 ஓம்ஸ் (ஓம்ஸ் குறைந்தால் ஸ்பீக்கர் அதிக கரன்ட் இழுக்கும்). ரிசீவர்கள் பெரும்பாலும் 6 முதல் 8 ஓம்ஸ் வரை எதிர்பார்க்கும். அப்படியே மாட்டி சத்தத்தை ஏற்றினால் ரிசீவர் சூடாகி அணைந்துவிடலாம். அதாவது ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

வீட்டில் பழைய செட்டே இல்லை, வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் நான் சொன்ன எதுவும் பொருந்தாது. சேலம் அழகாபுரத்தில் வாடகைக்கு இருக்கும் என் தங்கைக்கு நானே சவுண்ட்பார்தான் வாங்கச் சொன்னேன், சப்வூஃபர் வயரில் இணைகிற மாடலாகப் பார்த்து. அவள் டிவி கொஞ்சம் பழசு. பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஏஆர்சி இல்லையென்றால் ஆப்டிக்கல் இன்புட்டும் உள்ள மாடலாகத் தேட வேண்டும்.